பதினோரு கண் பாலத்துச் சுண்ணாம்பு

கை ஒடிந்து பன்னிரண்டே நாள் ஆன ஒருத்தி, தலையில் மணல் சட்டியோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஹெப்சிபா முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிவிட்டால் சித்தாள்கள் எல்லோரும் தூரத்துக்கு ஒரே அச்சுத்தான். ஆனால் அந்த வேகமும், ஏறும்போதே மேலே நிற்கிறவர்களோடு வாயடிக்கிற அழகும் அஞ்சலாட்சிக்கு மட்டுமே உண்டு. சட்டியைப் பிடித்திருந்தது இடது கை. சாரத்திலிருந்து விழுந்து இரண்டு எலும்பும் முறிந்துபோனது அதே இடது கைதான்.

"அஞ்சலாட்சி! கீழ எறங்கு!"

அவள் சாவகாசமாகச் சட்டியை மேலே கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். "என்னா மேடம்?"

"கட்டு எங்க?"

"அவுத்துட்டேன். ஒரே அரிப்பு."

"ஆறு வாரம் கழிச்சுத்தானே அவுக்கணும்னு டாக்டர் சொன்னாரு?"

"அவரு சொன்னாரு மேடம். கைக்கு அது தெரியலையே, அது பாட்டுக்குச் சரியாப்பூடுச்சி." பக்கத்தில் கிடந்த கடப்பாரையை இடது கையால் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுச் சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஹெப்சிபாவுக்குக் கைதட்டத் தோன்றவில்லை. கை முறிந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயை அவள் கண்ணால் பார்த்தவள். முருங்கைக்காயை ஒடித்தது மாதிரி இரண்டு எலும்பும் தனித்தனியாகக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அற்புதங்களை நம்புகிறவள்தான் அவள். திங்களிலிருந்து சனி வரை நம்புவதில்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது பதினோரு கண் பாலத்தின் அடியில். அடையாற்றின் மேல் நூற்றைம்பது வருஷமாக நிற்கிற ரயில் பாலம். செங்கல்லும் கருங்கல்லும் சுண்ணாம்புமாகப் பத்துத் தூண்கள், அவற்றின் மேல் இரும்பு உத்தரங்கள். வெள்ளம் வந்து வந்து தூண்களின் பூச்சை அரித்துவிட்டது. பாலத்தின் மேல் ரயில்கள் நடந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பாதிப் பேர், சரித்திரச் சின்னத்தைத் தொடாதே என்று மீதிப் பேர், இரண்டு கட்சியும் பத்து வருஷம் அடித்துக்கொண்டன. அந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஹெப்சிபா தன் சின்ன ஆய்வகத்திலிருந்து ஒரு டப்பாப் பொடியோடு வந்தாள். பொடியில் இருந்தது ஒரு நுண்ணுயிர். அவள் அதற்கு வைத்த பெயர் 'சுதை'. ஆனால் பாலத்தில் அந்தப் பெயரை யாரும் சீந்தவில்லை. எல்லோருக்கும் அது 'மேடத்தோட பூச்சி'.

பூச்சி கலந்த சுண்ணாம்பைப் பூசிய ஏழு மாதத்தில் தூண்களின் விரிசல்கள் தாமாகவே மூடிக்கொண்டன. ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கின. செய்தித்தாள்களில் ஹெப்சிபாவின் படம் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சியை அன்றைக்கே எலும்பு மருத்துவர் நூருல் அமீனிடம் அழைத்துப் போனாள். அவர் ஹெப்சிபாவுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பழக்கம். முதல் தடவை கட்டுப் போட்டு அனுப்பியவரும் அவர்தான். புதிய எக்ஸ்ரேயைப் பழையதின் பக்கத்தில் மாட்டி வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஹெப்சி, இது எலும்பு இல்ல."

"பின்ன?"

"கல்லு. முறிஞ்ச எடத்துல யாரோ கொத்தனார் உள்ள பூந்து பூசிவிட்ட மாதிரி இருக்கு. எலும்பைவிட வெள்ளையாத் தெரியுது பாரு."

ஹெப்சிபா அஞ்சலாட்சியின் இரத்தத்தில் ஒரு துளியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவிலும் தன் பிள்ளை எதுவென்று தாய்க்குத் தெரியாதா? அவளுடைய பூச்சிதான். ஒன்றிரண்டல்ல, கூட்டம் கூட்டமாக.

சாயங்காலம் அமீன் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"அது தூங்குற பூச்சி அமீன். சுண்ணாம்புல கலந்து பூசிட்டா நூறு வருஷம்கூடத் தூங்கும். சுவர் விரிஞ்சா உள்ள தண்ணி போகும்ல? ஈரம் பட்டதும் முழிச்சுக்கும். சுத்தி இருக்குற சுண்ணாம்பைத் தின்னுட்டுக் கல்லாக் கக்கும். விரிசல் மூடினதும் மறுபடி தூங்கிடும்."

"ஒடம்புல எப்பவும் ஈரம்தானே."

"ஒடம்புக்குள்ள அது போகவே முடியாது. வயித்து அமிலத்துல செத்துடும். எலிக்கு ஊட்டிப் பாத்தோம், தோல்ல தடவிப் பாத்தோம், மூக்குல ஊதிப் பாத்தோம். ஒரு எலிக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்ப இவளுக்கு எப்படிப் போச்சு?"

"தெரியல."

"தெரியலன்னா வேலையை நிறுத்து. மேலிடத்துக்கு எழுது."

இந்த இடத்தில் ஹெப்சிபா "சரி" என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கும் அது தெரியும். ஆனால் பயந்துபோன அதே மனசுக்குள் வேறொன்றும் துள்ளிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாளில் ஒட்டிய எலும்பு! நாகர்கோவிலில் அவள் அம்மா இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையிலேயே கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகிப் போய்ச் சேர்ந்தவள். பாலத்துக்கென்று செய்த பூச்சி மனுஷருக்கும் ஆகுமென்றால்? செய்தித்தாளில் வந்த படமெல்லாம் அந்தப் பேருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"பதினஞ்சு நாள் குடு அமீன். பாத்துக்கிட்டே இருக்கேன். ஏதாவது ஒண்ணுன்னா நானே எழுதறேன்."

வருஷத்துக்கு இருநூறு இடுப்பெலும்பு பார்க்கிறவர் அமீன். அவருக்கும் சபலம் தட்டியிருக்க வேண்டும். "பதினஞ்சே நாள்," என்றார்.

மறுநாள் ஹெப்சிபா அஞ்சலாட்சியிடம், பதினைந்து நாளைக்கு ஊர்ப்பக்கம் எங்கேயும் போகக்கூடாது, தினமும் கையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள்.

பூச்சி எப்படி உள்ளே போனது என்பது மூன்றாம் நாள் மத்தியானம் தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க உருப்பெருக்கி எதுவும் தேவைப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாலத்தடியில் வந்து உட்கார்ந்தாலே போதுமாக இருந்தது.

வேலையாட்கள் நாற்பத்தாறு பேரும் பாலத்தின் நாலாம் கண்ணின் நிழலில் தூக்குச் சட்டிகளைத் திறந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் இடுப்பு முடிச்சிலிருந்து வெற்றிலை வெளியே வந்தது. அஞ்சலாட்சி ஓர் இலையை எடுத்து முந்தானையில் துடைத்தாள், காம்பைக் கிள்ளினாள், எழுந்து சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனாள். 'கையுறை இன்றித் தொடாதே' என்று ஹெப்சிபாவே எழுதி மாட்டிய பலகை அதன் மேலேதான் தொங்கியது. அஞ்சலாட்சி கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினாள். ஆள்காட்டி விரலால் வெண்ணெய் வழிக்கிற மாதிரி சுண்ணாம்பை வழித்து இலையில் தடவினாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

ஹெப்சிபா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். "என்ன பண்றீங்க? என்ன பண்றீங்க எல்லாரும்?"

மேஸ்திரி ஏகாம்பரம் பதறிப்போய் வந்தார். "இன்னா மேடம்? இன்னா ஆச்சி?"

"அந்தச் சுண்ணாம்பு! அதுல மருந்து கலந்திருக்குன்னு சொன்னேன்ல?"

"பாலத்துக்கு மருந்துன்னுதான மேடம் சொன்னீங்க? விஷம்னு சொல்லலையே. கிளிஞ்சல் சுண்ணாம்பு மேடம், கடுக்காத் தண்ணி ஊத்திப் பதினஞ்சு நாளு ஊறப்போட்டது. கடையில குடுக்குறானே, அது வெறும் மாவு. நாக்கைப் பொத்துடும். இது அப்டியே கற்கண்டு."

"கையுறை போடணும்னு பலகை வச்சேனே!"

"போட்டுக்கினுதான் வேல செய்யிறோம். வெத்தலைக்கு எடுக்கும்போது மட்டும் கழட்டிடுவோம். ரப்பர் நாத்தம் வெத்தலையில ஏறிடும், பாருங்க." இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

ஹெப்சிபா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்நூறு எலிகளை வைத்து இரண்டு வருஷம் சோதனை செய்திருக்கிறாள். ஓர் எலியாவது வெற்றிலை போட்டிருக்குமா? அரை மணி நேரம் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருக்குமா? கொட்டைப்பாக்கு உள்கன்னத்தைக் கீற, அந்தக் கீறலில் சுண்ணாம்பு போய் உட்கார, அங்கிருந்து நேரே இரத்தம். வயிற்று அமிலத்தின் பக்கமே பூச்சி தலைவைக்கவில்லை. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள், வெற்றிலைச் செல்லம் இல்லாத கல்யாணத்தைப் பார்த்திராதவள், இதை யோசிக்கவில்லை. சோதனைகளின் பட்டியல் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் வெற்றிலை இல்லை.

தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டினாள். கடைச் சுண்ணாம்பு வாங்கி எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னாள். அதுவரைக்கும் சரி. ஆனால் அதற்கப்புறம் அவர்கள் உடம்பைப் பற்றி விசாரித்தபோது கேட்டதெல்லாம் நல்ல சேதியாகவே இருந்தது. ஒருவருக்கு முட்டிவலி போய்விட்டது. ஏகாம்பரத்துக்கு இருபது வருஷ முதுகுவலி போய்விட்டது. சொத்தைப் பல்லில் இருந்த ஓட்டைகூட அடைந்துவிட்டதாம், ஈயென்று இளித்துக் காட்டினார். ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள். வெள்ளையாக, வழவழவென்று, நல்ல கொத்தனார் வேலை.

பதினைந்து நாளில் இன்னும் பன்னிரண்டு பாக்கி இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுண்ணாம்பு வேறு யாருக்காவது போயிற்றா என்று கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டி வரும். எழுதினால் சொல்ல வேண்டி வரும்.

பதினான்காம் நாள் பகல் பதினொன்றரை மணிக்குத் தணிகைவேலன் போன் செய்தார். ரயில்வேயில் அந்தப் பாலத்துக்குப் பொறுப்பான பொறியாளர், அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்குக் குரல் வேறாக இருந்தது.

"மேடம், உடனே வாங்க. பாலம் முனகுது."

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. இரும்பு ஏணியில் அவர் முன்னால் ஏற, அவள் பின்னால் ஏறினாள். ஏழாவது தூணின் தலையில் போய் நின்றபோது அவளுக்கும் அது கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். சற்று நின்று, மறுபடியும்.

"இங்க பாருங்க." இரண்டு இரும்பு உத்தரங்களின் முனைகளும் சந்திக்கிற இடத்தைக் காட்டினார். "இதுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு விரல் எடம் இருக்கணும். கட்டுனவன் வேணும்னேதான் விட்டு வச்சான். வெயில் அடிச்சா இரும்பு நீளும் இல்லையா? நீள எடம் வேணும். இப்ப எடம் எங்க?"

இடமே இல்லை. இரண்டு விரல் இடைவெளி முழுக்க வெள்ளைக் கல். தணிகைவேலன் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். உளிதான் மழுங்கியது.

"விரிசல்னு நெனச்சு அடைச்சிருச்சு மேடம், உங்க பூச்சி. அதுக்கு விரிசலும் தெரியல, வேணும்னு விட்ட எடமும் தெரியல. இப்ப நீள முடியாத இரும்பு தூணைத் தள்ளுது. பத்துத் தூண்லயும் இதே கதை. இன்னும் ரெண்டு மணி நேரம் வெயில் ஏறுச்சுன்னா..." இடுப்பிலிருந்த ரேடியோவை எடுத்தார். "ரெண்டு பக்கமும் நிறுத்துங்க. ஆமா, எல்லா ரயிலையும். யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஹெப்சிபா அந்த வெள்ளைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷ உடம்பில் வேண்டுமென்று விட்ட இடங்கள் எத்தனை? விரல் கணுக்களில் இருக்கிறது. முழங்காலில், தாடையில், முதுகில் ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில். மூச்சு வாங்கும்போது விலாவெலும்புகள் விரிய வேண்டுமே, அங்கே? முட்டிவலி போய்விட்டது என்றார்களே. வலிப்பதற்கு அங்கே மூட்டு இருந்தால்தானே?

ஏணியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. "அஞ்சலாட்சி! அஞ்சலாட்சி எங்க?"

அஞ்சலாட்சி தூணடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்து ஹெப்சிபா பார்த்ததே இல்லை.

"கையை மூடு."

விரல்கள் பாதி மடங்கின. அதற்கு மேல் போகவில்லை. "நேத்து ராத்திரிலேர்ந்து இப்டித்தான் மேடம். மரத்துப்போன மாதிரி. சட்டி புடிக்க வரலை."

"வாயைத் தொற."

ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது.

"மூச்சை நல்லா இழுத்து விடு."

அஞ்சலாட்சி இழுத்தாள். தோள்கள் ஏறின, நெஞ்சு ஏறவில்லை. "ஏன் மேடம் அழுவுறீங்க?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானமே ஹெப்சிபா எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பதினான்கு நாளாக வாயில் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். பாலம் மூடப்பட்டது. ஆற்றின் இரண்டு கரையிலும் ஜனம் ரயிலை விட்டு இறங்கி, திட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தது. காலையில் அவளைப் பேட்டி எடுக்க நாள் கேட்ட தொலைக்காட்சிக்காரர்கள் சாயங்காலம் நாள் கேட்காமலே வந்து நின்றார்கள்.

நல்ல வேளையாக, பூச்சியை உருவாக்கும்போதே அதைக் கொல்கிற மருந்தையும் அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தப்பித்தவறிப் பூச்சி அளவுமீறிப் பெருகினால் தெளிப்பதற்கென்று வைத்திருந்தது, ஆஸ்பத்திரியில் போடுகிற சாதாரண ஊசி மருந்துதான். நாற்பத்தாறு பேரையும் ஒரே வார்டில் சேர்த்தார்கள். ஊசி போட்ட மூன்றாம் நாள் அமீன் படங்களைப் பார்த்துவிட்டு முதன்முறையாக உட்கார்ந்தார்.

"நின்னுடுச்சு. இனிமே வளராது. வளந்தது கரையாது, அது வேற. தாடையையும் விரலையும் ஒவ்வொண்ணாத் தொறந்து செதுக்கி எடுக்கணும். ஏகாம்பரத்துக்கு முதுகு இனிமே வளையாது. ஆனா யாரும் மூச்சு முட்டிச் சாக மாட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"வேற யாருக்காவது அந்தச் சுண்ணாம்பு போயிருந்தா, அவ்வளவுதான்னு சொல்ல முடியாது. ஒருத்தரை விட்டாலும் அந்த ஒருத்தரு போயிடுவாங்க ஹெப்சி. அதைக் கண்டுபிடி. அது ஒன்னோட வேலை."

ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்தாள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நாற்பத்தாறு தடவை கேட்டாள். சுண்ணாம்பை யாருக்காவது கொடுத்தீர்களா? வீட்டுக்கு எடுத்துப் போனீர்களா? ஒருவர் தன் வீட்டுக்காரிக்கு என்றார். உடனே வண்டி போனது. இன்னொருவர் டீக்கடைக்காரருக்கு என்றார். அதற்கும் வண்டி போனது. இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள், நன்றாகவே இருந்தார்கள். மற்றவர்கள் சத்தியம் செய்தார்கள். கடைசியாக அஞ்சலாட்சியின் கட்டில்.

அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள் ஹெப்சிபா. "எம்மேல கோவமா?"

"கோவம் என்னா மேடம். நாங்க எடுத்துத் துன்னதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க." வாய் முழுக்கத் திறக்காததால் வார்த்தைகள் பல்லிடுக்கில் வந்தன. "உசுரு நிக்கும்னு டாக்டரு சொல்லிட்டாரு. போதும்."

"நீ யாருக்காவது அந்தச் சுண்ணாம்பைக் குடுத்தியா?"

"இல்ல மேடம். யாருக்கும் குடுக்கல." கொஞ்சம் யோசித்தாள். "எந் தங்கச்சிக்கு மட்டுந்தான். பச்சையம்மா. ஊருல, செஞ்சிக்குப் பக்கத்துல. ஒரே ஒரு டப்பா."

"எப்ப?"

"கை சரியான மறுநாளு. நானே போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருந்தேன். நீங்க பதினஞ்சு நாளு எங்கியும் போவாதன்னீங்களா, அதான் ஊருக்குப் போன ஆளுகிட்டக் குடுத்தனுப்புனேன். பச்ச ஒடம்புக்காரி மேடம். புள்ள பொறந்து ஒரு மாசம்தான் ஆயிருந்துச்சி. புள்ள பெத்தவளுக்கு வெத்தலயும் நல்ல சுண்ணாம்பும் குடுத்தாத்தான எலும்பு கெட்டிப்படும், பாலு ஊறும்? கடைச் சுண்ணாம்பு ஒதவாது. அதுவும் கையி ஒட்டுன அதிசயத்தைப் பாத்தப்புறம், அவளுக்கு இல்லாம நான் மட்டும் எப்டித் துன்றது?"

ஹெப்சிபா திரும்பிப் பார்த்தாள். வார்டு வாசலில் நின்றிருந்த அமீன் உள்ளே வந்துகொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருந்தது.

"தங்கச்சி எப்படி இருக்கா?"

"முட்டிவலி, இடுப்புவலி எல்லாம் போச்சின்றா. ஏன் மேடம்? அவளுக்கும் ஊசி போட்டா சரியாப்பூடும் இல்ல?"

"போன் போடு. இப்பவே."

அஞ்சலாட்சியால் எண்களை அழுத்த முடியவில்லை. ஹெப்சிபா அழுத்தினாள். திரையில் ஓர் இளம் பெண்ணின் முகமும், மடியில் துணிச் சுருளும் தெரிந்தன. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"பச்சையம்மா, கையை மூடித் தொறக்க முடியுதா?"

"கொஞ்சம் வெறைப்பா இருக்குதுங்க. அது கெடக்கட்டும், நானே அக்காவுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன். புள்ள நாலு நாளா ஓயாம கத்துது. பாலு குடிச்சா அப்டியே கக்கிடுது. கண்ணை மேல தூக்கிப் பாக்க மாட்டேன்னுது. காத்து கருப்பு பட்டிருக்கும்னு தாயத்து கட்டியிருக்குறோம்."

அமீன் போனை வாங்கினார். குரலை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிறீங்கள்லம்மா? உச்சிக்குழியில?"

"வைப்போங்க. இப்ப ஒரு வாரமா வைக்கல."

"ஏம்மா?"

"குழியே இல்லீங்களே. மூடிக்கிச்சி." அந்த அழுகைச் சத்தத்துக்கு நடுவிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "மத்த புள்ளைங்களுக்கு ஒன்றரை வருசம் ஆவுமாம். எம் புள்ளைக்கு ரெண்டு மாசம் ஆவுறதுக்குள்ளயே மூடிக்கிச்சின்னு ஊரே வந்து தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போவுது. கல்லாட்டம் இருக்குதுங்க."

அஞ்சலாட்சி கட்டிலில் படுத்தபடியே, திறக்காத வாயால் சிரித்தாள். "எங்க வம்சத்துலயே இல்லாத கெட்டி மண்டை மேடம் அது," என்றாள்.

யாரும் சிரிக்காததைப் பார்த்து அவள் சிரிப்பு மெல்ல நின்றது. ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள், அமீனைப் பார்த்தாள். அமீன் போனில், "அம்மா, குழந்தையைத் தூக்கிட்டு வீட்டு வாசல்லயே நில்லுங்க, வண்டி வருது, நேரா இங்கதான்," என்று சொல்லிக்கொண்டே மறு கையால் தலை அறுவை செய்கிற டாக்டரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். தாயின் இரத்தத்திலிருந்து பால் வழியாகப் பூச்சி குழந்தைக்கும் போயிருக்கிறது; அதைக் கொல்கிற அளவுக்குப் பச்சைக் குழந்தையின் வயிற்றில் அமிலம் கிடையாது. உள்ளே மூளை வளர்ந்துகொண்டேயிருக்கும். வளர இடம் வேண்டும். குழந்தையைக் காப்பாற்ற வழியிருக்கிறதா என்று அவருக்கே நிச்சயமில்லை. அவசரமாக வெளியே போனார்.

"மேடம்," என்றாள் அஞ்சலாட்சி. "நான் அனுப்புன சுண்ணாம்பாலயா?"

ஹெப்சிபா அவள் இடது கையை மறுபடி எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாந்தானே அனுப்புனேன். நல்லதுன்னு நெனச்சி நாந்தானே மேடம் அனுப்புனேன். ஐயோ, எங்கையாலயே..." மூச்சு முழுக்க உள்ளே போகாமல் அவள் திணறினாள். தாதி ஓடி வந்து ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தாள்.

அந்த நிமிஷம் ஹெப்சிபா சும்மா இருந்திருந்தால் போதும். பழியை அஞ்சலாட்சியே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாகிவிட்டது. வேறு யாரும் கேட்கப் போவதில்லை. சும்மா இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றவும் செய்தது. அப்படித் தோன்றியதில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அனுப்புனது நீ," என்றாள். "அனுப்ப வச்சது நான். ஒன் ரத்தத்துல பூச்சி இருக்குன்னு அந்தச் செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும் அஞ்சலாட்சி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ அந்த டப்பாவை அனுப்பியிருக்க மாட்ட. பேர் கெடைக்கும்னு பதினாலு நாள் பேசாம இருந்தேன்."

அஞ்சலாட்சி வெகுநேரம் அவளையே பார்த்தாள். அது உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது. பிறகு ஹெப்சிபாவின் கைகளுக்குள் இருந்த தன் இடது கையை, மடங்காத விரல்களோடு, மெல்ல வெளியே இழுத்துக்கொண்டாள்.